செட்டிநாட்டுப் பண்ணை நெலத்துல தேசிய கால்நடைத் தடுப்பூசி மையம் வரணுமா?

வாசகர் கேள்வி (கோட்டையூர்), மார்ச் 4

"அண்ணே, நீங்க தடுப்பூசி கம்பெனில வேலை பாத்தவருன்னு கேள்விப்பட்டேன். நம்ம கானாடுகாத்தான் பக்கம் செட்டிநாடு கால்நடைப் பண்ணையில அவ்வளவு நெலம் கெடக்கு. ரயிலடி பக்கத்துல இருக்கு, பழைய ஏரோடிரோம் ஓடுதளமும் இருக்கு. அங்க தேசிய அளவுல மாட்டுக்கு ஆட்டுக்கு ஊசி மருந்து தயாரிக்கிற மையம் ஒண்ணு கொண்டு வந்தா நம்ம பக்கத்து நோய் எல்லாம் ஒழிஞ்சுரும்ல? ஏன் யாரும் கேக்க மாட்டேங்குறாங்க?"

மார்ச் 4, ராத்திரி

தம்பி, கேட்டது நல்ல கேள்வி. மையம் வேணும், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சு இல்ல. ஆனா "வந்தா நோய் ஒழிஞ்சுரும்"னு சொன்னீங்கல்ல, அங்கதான் நிக்கணும். ஊசி மருந்து இல்லாததுனால நம்ம பக்கம் சாகுற ஆடு ஒரு பங்குன்னா, மருந்து இருந்தும் வந்து சேராம சாகுற ஆடு அதவிட ஜாஸ்தின்னு எனக்குப் படுது. ரெண்டையும் பிரிச்சுப் பேசணும்.

நான் வெளிமாநிலத்துல ஒரு தயாரிப்பு நிறுவனத்துல தரப் பரிசோதனைப் பிரிவுல இருந்தேன், இப்ப கல்லல் பக்கம் ஆடும் ரெண்டு கறவை மாடும் வச்சிருக்கேன். ரெண்டு பக்கமும் பாத்ததுனால சொல்றேன்.

மார்ச் 5

முதல்ல ஒண்ணு, தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்ல. ராணிப்பேட்டைல கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் 1932-ல இருந்து இருக்கு. அடைப்பான், தொண்டை அடைப்பான், சப்பை நோய், கோழிக்கு வெள்ளைக்கழிச்சல், ஆட்டம்மை, இதுக்கெல்லாம் ஊசி மருந்து அங்க தயாராகி நம்ம கல்லல், தேவகோட்டை மாட்டாஸ்பத்திரி வரைக்கும் வந்திருக்கு. நம்ம அப்பச்சி காலத்து மாடு போட்டுக்கிட்ட ஊசி அதுதான்.

இந்திய அளவுல பாத்தா இன்னும் பழசு. 1889-ல புனேயில பாக்டீரியா ஆய்வுக்கூடமா ஆரம்பிச்சு, 1893-ல இமயமலை அடிவாரத்துல முக்தேஸ்வருக்குப் போனதுதான் இன்னைக்கு ஐ.வி.ஆர்.ஐ.ங்குற இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையம். ஏன் மலைக்குப் போனாங்க? மாட்டு வெக்கை நோய்க் கிருமிய வச்சு வேலை செய்யணும், சுத்தி மாடு இருக்கக் கூடாது, குளிர்ச்சியும் வேணும். இந்த காரணத்த மனசுல வச்சுக்கங்க, பின்னாடி திரும்ப வரேன்.

மார்ச் 5, கொஞ்சம் கழிச்சு

வெக்கை நோய்ன்னா இப்ப உள்ள பசங்களுக்குத் தெரியாது. தெரியாம போனதே பெரிய வெற்றி. இந்தியாவுல கடைசியா அது வந்தது 1995-ல, நம்ம தமிழ்நாட்டு வட ஆற்காட்டுப் பக்கம். 2006-ல இந்தியா அந்த நோய் இல்லாத நாடுன்னு சான்று வாங்குச்சு, 2011-ல உலகத்துல இருந்தே போயிருச்சுன்னு அறிவிச்சாங்க. மனுஷனுக்குப் பெரியம்மை ஒழிஞ்சதுக்கு அடுத்து உலகத்துல முழுசா ஒழிச்ச நோய் இது ஒண்ணுதான். எங்க அய்யா காலத்துல வெக்கை வந்தா தொழுவம் தொழுவமா காலியாகும்னு சொல்லுவாக.

எப்பிடி ஒழிஞ்சது? வால்டர் பிளோரைட்னு ஒருத்தர் கென்யாவுல செல் வளர்ப்புல ஒரு தடுப்பூசி செஞ்சாரு, ஒரு ஊசி போட்டா ஆயுசுக்கும் போதும். ஆனா ஐஸ் இல்லாம நிக்காது. அப்புறம் ஜெஃப்ரி மரைனர்னு ஒருத்தரு அதே மருந்த வெயில் தாங்குற மாதிரி உலர்த்தி எடுத்தாரு. அத தோள்ல மாட்டிக்கிட்டு எத்தியோப்பியா, சூடான் பக்கத்து மேய்ச்சக்காரங்களே பயிற்சி எடுத்து தங்களோட மாட்டுக்குத் தாங்களே போட்டுக்கிட்டாங்க. டாக்டர் ஜீப் போக முடியாத எடம் அது. கடைசி காலத்துல நோய் ஒளிஞ்சிருந்த மூலைங்கள்ல அதுவும் ஒண்ணு.

மார்ச் 9

புதுவயல்ல இருந்து ஒருத்தர் எழுதியிருக்காரு: "சரி, ஆனா அரசே செய்யணும்னு என்ன இருக்கு, தனியார் கம்பெனி நல்லாத்தான செய்யுது?"

பாதி சரி. மாட்டுக்கு வாயிலயும் கால்லயும் புண்ணு வர்ற கோமாரி இருக்குல்ல, அந்த ஊசிய எடுத்துக்கங்க. 2019 கணக்கெடுப்புல இந்தியாவுல பசு, காளை எல்லாம் சேத்து 19 கோடிக்கு மேல, எருமை கிட்டத்தட்ட 11 கோடி. ஆறு மாசத்துக்கு ஒரு சுற்றுன்னா வருஷத்துக்கு 60 கோடி டோஸ் வேணும். 2019 செப்டம்பர்ல மதுராவுல மத்திய அரசு தேசிய நோய்த் தடுப்புத் திட்டத்த ஆரம்பிச்சப்ப செலவு பூரா டெல்லியே ஏத்துக்கிச்சு. 2030-க்குள்ள கோமாரிய ஒழிக்கிறதுதான் இலக்கு. இவ்வளவு பெரிய ஆர்டர் இருக்குற எடத்துல கம்பெனிங்க வரிசைல நிக்கும். பால்வள வாரியம் ஆரம்பிச்ச ஹைதராபாத் நிறுவனம் இருக்கு, தனியாரும் இருக்காங்க. அங்க அரசு புதுசா ஒரு ஆலை போட்டு போட்டி போடுறதுல பெரிசா லாபம் இல்ல.

ஆனா ஆட்டுக்குப் போடுற துள்ளுமாரி ஊசி? ஆட்டம்மை ஊசி? அடைப்பான் ஊசி? இதுல காசு இல்ல. அடைப்பான் ஊசிக்கு மேக்ஸ் ஸ்டெர்ன்ங்குறவரு தென்னாப்பிரிக்காவுல 1930-கள்ல எடுத்த அதே கிருமி ரகத்தத்தான் இன்னைக்கும் ஒலகத்துல பெரும்பாலான எடத்துல வச்சிருக்காங்க. காப்புரிமையும் கெடையாது, கொள்ளை வெலையும் கெடையாது. ஒரு வருஷம் ஆர்டர் வரும், ரெண்டு வருஷம் வராது, திடீர்னு எங்கயாவது மாடு செத்தா நாளைக்கே வேணும்பாங்க. இந்த மாதிரி மருந்துக்கு எந்தக் கம்பெனி மிஷின ஓட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கும்? இங்கதான் அரசு மையம் வேணும். என்னோட வாதமே இதான். லாபம் இல்லாத ஊசிய செய்யத்தான் தேசிய மையம் வேணும், லாபமுள்ளத செய்ய ஆளு இருக்கு.

மார்ச் 10

நேத்து எழுதுனதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு, ராத்திரி படுத்து யோசிச்சேன். கோமாரிய முழுசா தனியார்ட்ட விட்டா விலையும் அவங்க கையில, நேரமும் அவங்க கையில. நடுவுல ஒரு பேட்ச் தரப் பரிசோதனைல தவறிப் போச்சுன்னா சுற்று மாசக்கணக்குல தள்ளிப் போகும், அதுக்குள்ள போன சுற்றோட எதிர்ப்பு சக்தி எறங்கிரும். அதனால அரசு கையில தயாரிப்பு இல்லாட்டியும் பரிசோதனை கண்டிப்பா இருக்கணும். வடக்க பாக்பத்துல இதுக்குன்னு தேசிய நிலையம் இருக்கு. தெற்க அதே வேலைக்கு ஒண்ணு வேணும்னு கேட்டா அது நியாயமான கேள்வி.

ஆப்பிரிக்காவ திரும்ப இழுக்குறேன்னு நெனைக்காதீங்க. அங்க எந்த நாடு செஞ்ச மருந்தா இருந்தாலும் எத்தியோப்பியாவுல உள்ள பான்வாக்குங்குற பொது நிலையத்துல ஒரு தடவை சோதிச்சு வாங்குற வழக்கம் இருக்கு. தயாரிக்கிறவன் வேற, மார்க் போடுறவன் வேற. நான் பரிசோதனை மேசைல உக்காந்தவன், இது எவ்வளவு அவசியம்னு எனக்குத் தெரியும். மேல இருந்து "இன்னைக்கு லாரி கெளம்பணும்"னு போன் வர்றப்ப ஒரே கூரைக்குக் கீழ இருக்குறவன் எத்தன நாள் வேணாம்னு சொல்லுவான்.

மார்ச் 12

எப்பிடித் தயாராகுதுன்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. கோமாரிய வச்சே சொல்றேன்.

வெள்ளெலிக் குட்டி சிறுநீரகத்துல இருந்து எப்பவோ எடுத்த செல் வம்சம், பி.எச்.கே 21னு பேரு. அத சின்ன பாட்டில்ல இருந்து பெருக்கிப் பெருக்கி ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கிற எஃகுத் தொட்டிக்குக் கொண்டு வருவாங்க. அதுல வைரஸ விட்டா ஒரு நாளுக்குள்ள செல்லெல்லாம் வெடிச்சு வைரஸ் நிறைஞ்சுரும். வடிகட்டி, பி.இ.ஐ.ங்குற ரசாயனத்தப் போட்டு வைரஸ சாகடிக்கணும். உருவம் சிதையாம சாகடிக்கணும், அதுதான் வித்தை. ஒரு துளி உசிரோட மிஞ்சுனாலும் மருந்தே நோயப் பரப்பும், அதனால இந்தச் சோதனைல சமரசமே கெடையாது. அப்புறம் செறிவாக்கி, எண்ணெயோட கடைஞ்சு பால் மாதிரி ஆக்கி, பாட்டில்ல அடைச்சு, கிருமி இல்லைன்னு பாத்து, மாட்டுக்குப் போட்டு எதிர்ப்பு சக்தி வருதான்னு பாத்து, அதுக்கப்புறம்தான் வெளிய போகும். மாசக்கணக்குல ஆகும்.

இப்ப கவனிங்க. அந்த வைரஸ் துகள் முழுசா இருந்தாத்தான் ஊசி வேலை செய்யும், அத 146 எஸ்-ம்பாங்க. சூடு பட்டா ஒடஞ்சு 12 எஸ் துண்டா போயிரும். ஒடஞ்ச மருந்தும் ஒடையாத மருந்தும் கண்ணுக்கு ஒரே வெள்ளைதான். நெறம் மாறாது, நாத்தம் வராது. 2-ல இருந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும், ஒறையவும் கூடாது, ஒறஞ்சா எண்ணெய் பிரிஞ்சுரும். சித்திரை வெயில்ல கானாடுகாத்தான்ல ஐஸ் கரைஞ்ச பெட்டிய பைக் பின்னாடி கட்டிக்கிட்டுப் போற எடத்துல என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க. ஊசி போட்டாச்சுன்னு காது டேக் நம்பரோட கம்ப்யூட்டர்ல ஏறிரும், மாட்டுக்குள்ள ஒண்ணும் ஏறியிருக்காது. பெறகு கோமாரி வந்தா "ஊசியே வேஸ்ட்டு"ன்னு ஊரு பேசும்.

மார்ச் 13

பள்ளத்தூர் ஆச்சி ஒருத்தவங்க கேட்டிருக்காங்க, ஊசி போட்டா பால் குறையுதே, அதனால அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாகளாம்.

ஆச்சி, ரெண்டு மூணு நாளைக்கு லேசா கொறையும், காய்ச்சலும் இருக்கும், ஊசி போட்ட எடத்துல கட்டி தட்டலாம். ஆனா கோமாரி வந்தா அந்த ஈத்துப் பாலே போயிரும், கொளம்பு புண்ணு, மடி வீக்கம், அடுத்து சினை நிக்கிறதும் கஷ்டம், வெயில்ல மூச்சு வாங்குறது மட்டும் மிஞ்சும். கன்னுக்குட்டிக்கு நெஞ்சத் தாக்கி பொத்துன்னு விழுந்து செத்துரும். நாலு மாசம் ஆன கன்னுக்கும் போடுங்க, முதல் தடவைன்னா ஒரு மாசத்துல இன்னொண்ணு போடணும், அத நெறைய பேர் விட்டுர்றாங்க. நெறசினையா இருந்தா டாக்டர்ட்ட சொல்லிட்டு ஈன்ற பெறகு போட்டுக்கங்க.

மார்ச் 17

முக்தேஸ்வர் மலை விஷயத்துக்கு வரேன், சுத்தி மாடு இருக்கக் கூடாதுன்னுதான அங்க போனாங்க. பண்ணை நெலத்துல ஆலை போடலாமான்னுதான தம்பி கேட்டாரு.

கோமாரி வைரஸ வளக்குற ஆலைய எந்தக் காரணத்துக்காகவும் நம்ம பக்கத்துல, அதுவும் மாட்டுப் பண்ணை நடுவுல வைக்கக் கூடாது. 2007 ஆகஸ்ட்ல இங்கிலாந்துல பிர்பிரைட்னு ஒரு எடத்துல நடந்தத பாருங்க. உலகத்துலயே பேரு பெத்த கோமாரி ஆராய்ச்சி நிலையம், பக்கத்துலயே தடுப்பூசி ஆலை. அந்த வளாகத்துல இருந்த பழைய சாக்கடைக் குழாய்ல கசிவு. கட்டட வேலைக்கு வந்த லாரி சக்கரத்து மண்ணோட வைரஸ் வெளிய போயிருக்கும்னுதான் விசாரணைல சொன்னாங்க. சில கிலோமீட்டர் தள்ளி உள்ள பண்ணை மாட்டுக்கு நோய் வந்துருச்சு, நாடு பூரா மாடு நகரக் கூடாதுன்னு தடை, ஏற்றுமதி நின்னு போச்சு. எல்லாம் ஒரு பழைய குழாயால. அவங்களுக்கே அப்பிடின்னா, நம்ம ஊரு கட்டட வேலைய நம்பி மஞ்சுவிரட்டு நடக்குற மண்ணுல அத வைப்பமா? தை மாசம் சிராவயல் பொட்டலுக்கு எந்தெந்த ஊருல இருந்து மாடு வருது. புலிக்குளம் கிடை மாடு ஆயிரக்கணக்குல வயக்காட்டுல கிடை போட்டுக்கிட்டு மாவட்டம் மாவட்டமா நடக்குது. ஒரு மாட்டுக்கு வந்தா பூராத்துக்கும் வந்த மாதிரிதான்.

பாக்டீரியா ஊசி, அதாவது துள்ளுமாரி, தொண்டை அடைப்பான், சப்பை, இதுக்கு இந்த பயம் கெடையாது. உலர்த்திப் பொட்டலம் போடுற பிரிவு, குளிர் கிடங்கு, தரப் பரிசோதனைக் கூடம், இதெல்லாம் பண்ணை நெலத்துல தாராளமா வரலாம்.

மார்ச் 18

தேவகோட்டைல இருந்து ஒரு பெரியவர் "நம்ம ஊருக்கெல்லாம் தேசிய நிறுவனம் எங்கிட்டு வரும், மெட்ராஸ், ஹைதராபாத்தோட சரி"ன்னு போட்டிருக்காரு.

அய்யா, காரைக்குடில செக்ரி, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், எப்பிடி வந்துச்சு? வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நெலமும் 15 லட்ச ரூவாயும் குடுத்தாரு, 1948 ஜூலை 25-ல நேரு வந்து அடிக்கல் நாட்டுனாரு, 1953 ஜனவரில ராதாகிருஷ்ணன் தொறந்து வச்சாரு. அப்ப காரைக்குடி என்ன பெரிய பட்டணமா? அத்துவானக் காடு. இன்னைக்கு மின்வேதியியலுக்கு இந்தியாவுல அதுதான் பேரு. கேக்குறதுக்கும் குடுக்குறதுக்கும் ஆளு இருந்தா வரும். இப்ப நெலம் அரசு கையிலயே இருக்கு, அழகப்பா யுனிவர்சிட்டில படிச்ச பிள்ளைங்க வேலைக்கு பெங்களூர் பஸ் ஏறிக்கிட்டு இருக்கு.

ஆனா கட்டடம் வந்தா மருந்து வந்துரும்னு மட்டும் நம்பிராதீங்க. செங்கல்பட்டு திருமணியில மனுஷத் தடுப்பூசிக்குன்னு 100 ஏக்கர்ல கிட்டத்தட்ட 600 கோடி செலவுல கட்டுன வளாகம் வருஷக்கணக்கா ஒரு டோஸ் கூட போடாம கெடந்துச்சு, கொரோனா நேரத்துல தமிழ்நாடு அரசு எங்ககிட்ட குடுங்கன்னு கேக்குற நிலைமை. 2008-ல குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கும் கிண்டி பி.சி.ஜி. ஆய்வுக்கூடத்துக்கும் நவீனத் தர விதிப்படி இல்லன்னு லைசன்ச நிறுத்தி வச்சாங்க, 2010-லதான் திருப்பிக் குடுத்தாங்க. குன்னூர் நூறு வருஷ அனுபவம் உள்ள எடம். அனுபவம் இருந்தும், காத்தோட்ட அறைக்கும் வடிகட்டிக்கும் வருஷா வருஷம் பணம் போடாம விட்டா இதான் கதி. ஆலைய கட்டுறது ஒரு தடவை செலவு. ஏசி ஒரு மணி நேரம் நின்னா பேட்ச்ச கொட்டணும், அந்த கரண்டு பில்லு வருஷம் பூரா.

ஏப்ரல் 2

சிங்கம்புணரிப் பக்கம் ஊரு ஊரா ஆட்டுக் கிடை போடுற ஒரு கீதாரி அண்ணனோட ராத்திரி கிடையில உக்காந்து பேசிட்டு வந்தேன், அதனால இத எழுதுறேன்.

அவருக்கு ஆட்டுக்கொல்லி நோய் நல்லாத் தெரியும். மூக்குல சளி, வாய்ல புண்ணு, கழிச்சல், அஞ்சாறு நாள்ல கிடையே படுத்துரும். இந்த நோய் இந்தியாவுல முதல் முதல்ல கண்டுபிடிச்சது 1987-ல, விழுப்புரம் பக்கம் அரசூர்ல. அந்த அரசூர் ஆட்டுல இருந்து எடுத்த வைரஸ வச்சே நம்ம கால்நடைப் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசி ரகம் உருவாக்குச்சு. முக்தேஸ்வர்ல சுங்ரி 96-னு இன்னொண்ணு. ரெண்டுமே நல்ல மருந்து, ஒரு தடவை போட்டா மூணு வருஷத்துக்குக் கவலை இல்ல. உலக அளவுல இதையும் 2030-க்குள்ள ஒழிக்கணும்னு வெக்கை நோய் மாதிரியே குறி வச்சிருக்காங்க.

இவ்வளவு நல்ல மருந்து இருக்கு. அண்ணன் கிடைக்கு ஏன் போடல? அவரு சொன்ன பதில அப்பிடியே எழுதுறேன்: "முகாம் போடுற அன்னிக்கு நான் அந்த ஊர்ல இருக்க மாட்டேன், நான் இருக்குற ஊர்ல அன்னிக்கு முகாம் இருக்காது." கதிர் அறுத்த வயலா பாத்து கிடை நகந்துக்கிட்டே இருக்கும். சொந்த ஊரு பட்டியல்ல அவரு ஆடு இருக்கும், ஆடு அறந்தாங்கில நிக்கும். தங்குன ஊர்ல கேட்டா உங்க ஊர்ல போட்டுக்கங்கன்னு அனுப்பிருக்காக. இதுக்கு எந்த ஆலை கட்டி என்ன?

சின்ன ஆடு வளக்குறவங்களுக்கு வேற சிக்கல். இந்த மருந்து பொடியா பெரும்பாலும் 100 டோஸ் பாட்டில்ல வரும். கரைச்சுட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும். ஆறு ஆடு வச்சிருக்குற அக்காவுக்காக ஒரு பாட்டில ஒடைக்க எந்த கம்பவுண்டருக்கும் மனசு வராது, அவரயும் குத்தம் சொல்ல முடியாது, மிச்சத்துக்குக் கணக்கு அவருதான எழுதணும். தனியார் கம்பெனிக்கு 10 டோஸ் பாட்டில் கட்டுபடி ஆகாது, கண்ணாடிக்கும் மூடிக்குமே மருந்துக் காசு போயிரும். அரசு மையம் செய்யலாம். நான் தேசிய மையம் தேசிய மையம்னு கத்துறது இந்த 10 டோஸ் பாட்டிலுக்காகத்தான்னு வச்சுக்கங்களேன்.

ஏப்ரல் 3

கோழிக்கும் இதே கதைதான். கொல்லைல பத்துக் கோழி வச்சிருக்கவங்களுக்கு நூத்துக்கணக்கான டோஸ் உள்ள வெள்ளைக்கழிச்சல் மருந்து எதுக்கு? நம்ம பல்கலைக்கழகமே தீவனத்தோட குருணை மாதிரி குடுக்குற மருந்து செஞ்சிருக்கு, சூடு தாங்குற ரகம், ஊசியே வேண்டாம். அந்த வழிய ஆட்டு மருந்துலயும் புடிச்சுப் போகணும். ஜீப்புல ஐஸ் போட்டு ஓடுறதவிட வெயில் தாங்குற மருந்து நம்ம மண்ணுக்கு ஏத்தது.

ஏப்ரல் 11

மாட்டுக்கு ஒடம்பெல்லாம் கட்டி வர்ற தோல் கழலை நோய் பத்திக் கேட்டவருக்கு: 2019-ல ஒடிசா வழியா இந்தியாவுக்குள்ள வந்துச்சு, 2022-ல ராஜஸ்தான், குஜராத்துல மாடு குவிஞ்சு கெடந்தத டிவில பாத்திருப்பீங்க. அப்ப கையில இருந்தது வெள்ளாட்டம்மை ஊசிதான், ஒறவுக்கார வைரஸ்ங்குறதுனால ஓரளவு தாங்குச்சு. ஹிசார் குதிரை ஆராய்ச்சி மையமும் ஐ.வி.ஆர்.ஐ.யும் சேந்து அதுக்குன்னே லம்பி ப்ரோவாக்-இண்ட்னு ஒண்ணு உருவாக்கி 2022 ஆகஸ்ட் 10-ல அறிவிச்சாங்க. ஆய்வுக்கூடத்துல மருந்து ரெடி. ஆனா அத கோடிக்கணக்குல பெருக்கி, லைசன்ஸ் வாங்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டாரதுக்குள்ள நோய் தன் வேலைய முடிச்சுட்டு அடுத்த மாநிலம் போயிருச்சு. புது நோய் வர்ற அன்னிக்கு மிஷின நிறுத்தி வேற மருந்துக்கு மாத்துன்னு தனியார்ட்ட யாரு சொல்ல முடியும்? காலியா ஒரு தொட்டி, பழகுன ஆளு, கையெழுத்துப் போட அதிகாரி, மூணும் தயாரா வச்சிருக்குற எடம் ஒண்ணு நாட்டுக்கு வேணும். நான் லாபமில்லாத ஊசின்னு மார்ச்சுல சொன்னதோட இதையும் சேத்துக்கங்க.

ஏப்ரல் 19

கோட்டையூர் தம்பி மனு எழுதிக் கொண்டாந்து காட்டுனாரு. "செட்டிநாட்டில் கோமாரி தடுப்பூசி ஆலை அமைக்க வேண்டும்"னு ஆரம்பிச்சிருந்தாரு, பிர்பிரைட் கதைய திரும்பச் சொல்லி அத எடுக்க வச்சேன். இப்ப மனுவுல உள்ளது இதுதான். ராணிப்பேட்டை நிலையத்த புதுத் தர விதிக்கு உயர்த்தி, அதோட கிளையா பண்ணை நெலத்துல ஆட்டு மருந்துக்கு 10 டோஸ் பாட்டில் அடைக்கிற பிரிவும் தெற்கு மாவட்டங்களுக்கான குளிர் கிடங்கும் வரணும். அதுவரைக்கும் காத்திருக்காம, கிடை எந்த ஊர்ல நிக்குதோ அந்த ஊர் ஆஸ்பத்திரியே ஊசி போடணும்னு இந்த மழைக்கு முன்னாடி ஒரு உத்தரவு. கடைசி வரிக்கு காசே வேண்டாம்.

திங்கக்கிழமை குறைதீர் நாள்ல சிவகங்கை கலெக்டர் ஆபீஸ்ல குடுக்குறோம். கிடை வச்சிருக்கவங்க ரெண்டு பேராவது நேர்ல வந்தா நல்லாருக்கும், எப்ப எந்த ஊர்ல கிடை நிக்கும்னு அவங்கதான் சொல்ல முடியும், எனக்குத் தெரியாது. காலைல பஸ்ஸுக்கு கல்லல்ல நிப்பேன்.